முதலிடத்தை விட்டுக்கொடுத்த ஆண்டு

உடற்கல்வி ஆசிரியராக வேலைக்குச் சேர்ந்த முதல் வாரத்திலேயே உங்கள் கழுத்தில் ஒரு விசிலை மாட்டி, ஒரு கால்பந்து அணியையும் கையில் கொடுத்துவிடுவார்கள். அன்றிலிருந்து தலைமையாசிரியர் முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் உங்களிடம் கேட்கப்போவது ஒன்றுதான்: லீக்கில் எத்தனையாவது இடம்? முதலிடம் என்று சொல்ல முடிந்தால் டீக்குக் காசு வாங்க மாட்டார்கள். நானும் அந்த டீயைக் குடித்திருக்கிறேன். லீக் முழுவதும் யாராலும் அசைக்க முடியாத அணி, நாக்-அவுட் என்று வந்ததும் ஏன் உட்கார்ந்துவிடுகிறது என்பது எனக்குப் புரிவதற்கு மூன்று தோல்விகளும் மருத்துவமனையில் ஒரு மாலையும் தேவைப்பட்டன. உங்களுக்கு அவ்வளவு செலவாக வேண்டாம் என்றுதான் எழுதுகிறேன்.

நான் திண்டுக்கல்லில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள். முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் போன ஆண்டு விருப்ப ஓய்வு பெற்றேன். மலைக்கோட்டைப் பாறையின் நிழல் சாயங்காலம் விழுகிற செம்மண் மைதானத்தில் பெண்கள் அணி ஒன்றைப் பயிற்றுவித்தேன். என் மகள் தாரணி அந்த அணியின் கேப்டன், தடுப்பு ஆட்டக்காரி. மைதானத்தில் என்னை மிஸ் என்பாள், வீட்டில் அம்மா என்பாள். இரண்டுக்கும் நடுவே ஸ்கூட்டரில் வரும்போது எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் வாயே திறக்காமல் வருவாள்.

எங்கள் மாவட்ட லீக் எப்படி என்று சொல்லிவிடுகிறேன். எட்டு அணிகள். ஒவ்வோர் அணியும் மற்ற அணிகள் எல்லாவற்றோடும் இரண்டு முறை ஆடும். ஜெயித்தால் மூன்று புள்ளி, சமன் என்றால் ஒன்று. மார்கழியில் லீக் முடியும்போது முதல் நான்கு இடங்களில் இருப்பவர்கள் தை மாதம் நாக்-அவுட்டுக்குப் போவார்கள். அரையிறுதி, இறுதி, அவ்வளவுதான். அங்கே புள்ளி கிடையாது. ஒருமுறை தோற்றால் பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

மூன்று ஆண்டுகள் தொடர்ந்து நாங்கள் லீக்கில் முதலிடம். மூன்று ஆண்டுகளும் அரையிறுதியில் தோற்றோம். மற்ற அணிக்காரர்கள் எங்களுக்கு வத்தலக்குண்டு வண்டி என்று பெயர் வைத்தார்கள். கொடைக்கானல் போகிறேன் என்று கிளம்பும், மலை அடிவாரத்தில் இருக்கிற வத்தலக்குண்டோடு நின்றுவிடும் என்று அர்த்தம். எங்கள் பெண்கள் பஸ் ஏறினாலே பின் சீட்டிலிருந்து யாராவது "வத்தலக்குண்டு எல்லாம் எறங்கு" என்று குரல் கொடுப்பார்கள். தாரணி சிரித்துக்கொள்வாள். வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொள்வாள்.

முதல் தோல்வி ஒட்டன்சத்திரம் அணியிடம். லீக்கில் இரண்டு முறையும் அவர்களை மூன்று கோல், நான்கு கோல் என்று அடித்திருந்தோம். அரையிறுதியில் ஒரு கோல்கூடப் போட முடியவில்லை. தாரணி கார்னருக்கு மேலே ஏறி வரும்போதெல்லாம் இரண்டு பெண்கள் அவளை ஒட்டிக்கொண்டே திரிந்தார்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த அணியின் கோச் என் பக்கத்தில் வந்து நின்றார். வங்கியில் வேலை பார்க்கிற, என்னைவிட வயதில் சிறியவர்.

"ஏனுங்க மிஸ், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ஜெயிச்சவங்க சொல்றத கேட்டுத்தான சார் ஆகணும்."

"லீக்குல நீங்க எங்கள அடிக்கறப்பெல்லாம் நாங்க பாடம் படிக்கறோமுங்க. யாரு எங்க ஓடுறா, எந்தக் காலுல அடிக்கறா, அம்புட்டும். நாக்-அவுட்டுல பரீச்ச எழுதறோம். உங்க புள்ளைங்க லீக்குல ஜெயிக்க மட்டுந்தான் செஞ்சாங்க. ஒண்ணும் படிக்கலீங்களே."

கோவிச்சுக்க மாட்டேன் என்கிற மாதிரி பேசியிருந்தாலும் கோபம் வந்தது. ஆனால் அவர் சொன்னது முழு உண்மை. லீக் ஓர் அணியிடம் கேட்பது ஒரே மாதிரி ஆடுவதை. வாரா வாரம் அதே பதினோரு பேர், அதே இடது பக்க ஓட்டம், அதே கார்னர். பலவீனமான அணிகள் பாதி இருப்பதால் அது போதும். ஜெயித்துக்கொண்டே இருக்கும் அணிக்கு எதையும் மாற்றக் காரணம் இருக்காது. அது மாறாமல் நிற்பதை மற்றவர்கள் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார்கள். வலுவான அணிக்கு வருகிற முதல் ஆபத்து இது.

இரண்டாவது ஆபத்து எங்கள் ஊரில் மட்டும்தான் வரும் என்று நினைக்கிறேன்.

முதல் தோல்விக்குப் பிறகு பெற்றோர் கூடிப் பேசி பழனிக்கு வேண்டிக்கொண்டார்கள். அடுத்த லீக்கிலும் முதலிடம் வந்தால் அணி முழுவதும் தைப்பூசத்துக்கு வெறுங்காலோடு பழனிக்கு நடந்து வரும் என்று வேண்டுதல். இதை முன்னின்று நடத்தியவர் நாகம்மா. சின்னாளப்பட்டியில் தறி நெய்கிற குடும்பம். அவர் மகள் சங்கீதா எங்கள் அணியில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிற பெண். கடைசி ஐந்து நிமிடம் இறக்கினால் உண்டு.

"கப்பு ஜெயிக்கணும்னு வேண்டியிருக்கலாமே நாகம்மா, ஏன் முதலிடத்தோட நிறுத்திட்டீங்க?" என்று கேட்டேன்.

"சாமிகிட்ட ரொம்பக் கேக்கக் கூடாதுல்ல மிஸ். குடுக்கிறதக் கேட்டாத்தான குடுக்கும்."

சாமி கொடுத்தது. அடுத்த லீக்கிலும் முதலிடம். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் கழித்து அரையிறுதி. நான் வீடு வீடாகப் போய்ப் பேசிப் பார்த்தேன். ஆட்டம் முடிந்தபின் நடக்கலாமே என்றேன். தைப்பூசத்தை எப்படித் தள்ளிவைப்பது என்று திருப்பிக் கேட்டார்கள். சாமி காரியத்தில் டீச்சர் தலையிடலாமா என்று ஒருவர் முகத்துக்கு நேரே கேட்டார். பதினைந்து பெண்கள் மாலை போட்டு, பச்சை உடுத்தி நடந்தார்கள். கோல்கீப்பர் ஷகிலாவுக்கு வேண்டுதல் எதுவும் இல்லை. பேகம்பூர் முஸ்லிம் வீட்டுப் பெண் அவள். ஆனாலும் செருப்பைக் கழற்றிவிட்டுக் கூட நடந்தாள்.

"ஒனக்கு என்னத்துக்குடி?" என்று அவள் அம்மா கேட்டதற்கு, "டீமு நடக்குதும்மா, நான் மட்டும் பஸ்ல போனா அசிங்கமா இருக்காதா" என்றாளாம்.

அந்த நடையை நான் குறை சொல்லவில்லை. வழியெல்லாம் பந்தல் போட்டு மோரும் புளியோதரையும் கொடுத்தார்கள். யார் யாரோ கால் வலிக்குத் தைலம் தேய்த்துவிட்டார்கள். எங்கள் பெண்கள் வாழ்க்கையில் மறக்காத நடை அது. ஆனால் அரையிறுதி அன்று அவர்கள் பூட்ஸுக்குள் கால் நுழைத்ததைப் பார்த்தேன். உள்ளங்கால் முழுவதும் கொப்புளம். யாரும் வலிக்கிறது என்று சொல்லவில்லை. மெதுவாக, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொரு காலாக நுழைத்தார்கள். அரை மணி நேரத்தில் இரண்டு கோல் வாங்கினோம்.

கால் மட்டும் காரணம் என்றால் அடுத்த ஆண்டு பஞ்சு வைத்துக் கட்டி ஆடியிருக்கலாம். காரணம் அதற்கு மேலே. வேண்டுதல் நிறைவேறிவிட்டது, நன்றி சொல்லியாகிவிட்டது, மாலையைக் கழற்றியாகிவிட்டது. அந்த ஆண்டு எதற்காக ஆடினார்களோ அது முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு வந்த அரையிறுதி, கல்யாணம் முடிந்து பந்தல் பிரிக்கும் நாள் மாதிரி இருந்தது. லீக்கில் முதலிடம் வருகிற அணிகளைப் பாருங்கள். எந்த ஊராக இருந்தாலும், எந்தச் சாமியாக இருந்தாலும், அவர்களுக்கு ஏதோ ஒரு பழனி இருக்கும். பாராட்டு விழா, பிளக்ஸ், பிரியாணி. எல்லாம் ஒரு மாதம் முந்தி வந்துவிடும்.

மூன்றாம் ஆண்டும் அதே வேண்டுதல், அதே முதலிடம், அதே நடை. அந்த அரையிறுதியில் முதல் கோல் வாங்கியதும் பதினோரு பேரும் ஒரே சமயத்தில் திரும்பி என் முகத்தைப் பார்த்தார்கள். லீக் முழுவதும் நாங்கள் ஒருமுறைகூடப் பின்தங்கியதில்லை. பின்தங்கினால் என்ன செய்வது என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கோல் வாங்கிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். சிலர் கத்துவார்கள், சிலர் அழுவார்கள். இவர்கள் வழி தவறியவர்கள் மாதிரி நின்றார்கள்.

அதன் பிறகுதான் என் முழங்கால் என்னை வீட்டுக்கு அனுப்பியது. என் இடத்துக்குப் பாண்டிச்செல்வி வந்தாள். பல்கலைக்கழக அணிக்கு ஆடியவள், முப்பது வயதுகூட ஆகவில்லை. முதல் நாளே பெண்களிடம், "ஒங்களுக்கு வத்தலக்குண்டு வண்டின்னு பேராமே? நான் வத்தலக்குண்டுக்காரிதான். அங்கேருந்து மேல ஏறுற பஸ்ஸு நெறைய இருக்கு. அதுல ஏறத் தெரியணும், அம்புட்டுத்தான்" என்றாள். பெண்கள் அவளை அக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். எனக்குச் சற்றுப் பொறாமையாக இருந்தது.

நான் பார்வையாளர் படிக்கட்டில் போய் உட்கார்ந்தேன். அங்கே உட்கார்ந்த பிறகுதான் பெற்றோர் எவ்வளவு பயந்தவர்கள் என்று தெரிந்தது. கோடு ஓரம் நின்றபோது என் மகள் விழுந்தால், பந்து எங்கே போகிறது என்று பார்ப்பேன். படிக்கட்டில் இருந்தபோது பந்தே தெரியவில்லை. தாரணிக்கும் அணியில் பாதிப் பேருக்கும் இது கடைசி ஆண்டு. பிளஸ் டூ முடித்து ஆளுக்கொரு கல்லூரிக்குப் போய்விடுவார்கள். இந்தத் தடவையாவது அரையிறுதியைத் தாண்ட வேண்டும். அதுவும் வேண்டும், என் பெண்ணுக்கு ஒன்றும் ஆகக் கூடாது, அதுவும் வேண்டும். இரண்டையும் ஒன்றாக வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது சுலபமில்லை.

பாண்டிச்செல்வி பயிற்சியில் ஒரு வேலை செய்தாள். தங்களுக்குள் ஆடும் ஆட்டங்களில் முதல் பதினொன்று எப்போதும் ஒரு கோல் பின்தங்கித்தான் தொடங்க வேண்டும். ஆட்டம் தொடங்கும் முன் தாரணி தானே போய் தங்கள் வலைக்குள் பந்தைப் போட்டு, எடுத்துக்கொண்டு நடு வட்டத்துக்கு ஓடி வர வேண்டும். பார்க்கச் சிரிப்பாக இருக்கும். "எதுக்குக்கா இந்தக் கூத்து?" என்று பெண்கள் கேட்டதற்கு, "கோல் வாங்குனா செத்துட மாட்டோம்னு காலுக்குத் தெரியணும்ல" என்றாள்.

லீக்கின் கடைசி ஆட்டம் வந்தது. ஜெயித்தால் முதலிடம். எதிரணி பட்டியலில் கடைசியில் இருக்கிற அணி. இந்த ஆண்டும் அதே வேண்டுதல்தான், மாலை போடத் துணி எடுத்தாயிற்று. பெற்றோர் எல்லோரும் வந்திருந்தார்கள். அணி வெளியே வந்தபோது தாரணி பெஞ்சில் உட்கார்ந்தாள். அவளோடு இன்னும் நான்கு பேர். சங்கீதா முதன்முதலாகத் தொடக்கத்திலிருந்து ஆடினாள்.

படிக்கட்டில் ஒரே இரைச்சல். "இவளுக்கு என்ன கிறுக்கு புடிச்சிருச்சா" என்றார் ஒரு அப்பா. நாகம்மாவின் பாடுதான் திண்டாட்டம். முதலிடம் வராவிட்டால் சாமியிடம் என்ன சொல்வது. மகள் முதன்முதலாக முழு ஆட்டம் ஆடுகிறாள், அதை எப்படித் திட்டுவது. "சாமி, தப்புத்தான், தப்புத்தான்" என்று சொல்லிக்கொண்டே சங்கீதா பந்தைத் தொட்டபோதெல்லாம் எழுந்து நின்று கைதட்டினார்.

ஜெயிக்கத்தான் ஆடினார்கள், அதை நான் பார்த்தேன். ஆனால் அந்தப் பெண்களுக்கு ஒருவர் ஓட்டம் ஒருவருக்குப் பழக்கமில்லை. ஆட்டம் கோல் இல்லாமல் சமனில் முடிந்தது. நாங்கள் இரண்டாமிடம்.

அன்று நான் அவளிடம் நேரே போனேன். "பாண்டிச்செல்வி, கையில இருந்த முதலிடத்த விட்டுட்டியேம்மா."

"விட்டுட்டேன் மிஸ்."

"ஏன்?"

அவள் வலையைச் சுருட்டிக்கொண்டே பேசினாள். "பதினாறு பேரு இருக்காளுக. பதினோரு பேருதான் ஆடுறாளுக. நாக்-அவுட்டுல ஒருத்தி விழுந்தா மீதி அஞ்சு பேருக்கும் கால் நடுங்கும். அதுதான் மொத காரணம்."

"ரெண்டாவது?"

சுருட்டிய வலையைக் கயிற்றால் கட்டினாள். பிறகு சிரிக்காமல் சொன்னாள்: "வேண்டுதல என்னால தடுக்க முடியுமா மிஸ்? முதலிடத்தத்தான் தடுக்க முடியும்."

எனக்குச் சற்று நேரம் கழித்துத்தான் விளங்கியது. முதலிடம் வந்தால்தானே நடை. இரண்டு ஆண்டுகள் வீடு வீடாகப் போய் நான் வாதாடியது, பெண்களின் கால்களை ஒரு வாரம் காப்பாற்றுவதற்கு. இவள் யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல், யார் நம்பிக்கையையும் தொடாமல், சாமிக்கும் பெற்றோருக்கும் இருந்த ஒப்பந்தத்துக்குள்ளேயே ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். அதற்கு அவள் கொடுத்த விலை முதலிடம். வேலைக்கு வந்த முதல் ஆண்டே தலைமையாசிரியரிடம் போய் இரண்டாமிடம் என்று சொல்ல எவ்வளவு துணிச்சல் வேண்டும் என்று உங்களுக்கு இன்னும் சில மாதங்களில் தெரியும்.

பெற்றோர் கூடி விவாதித்தார்கள். இரண்டாமிடத்துக்கு நடக்கலாமா, பாதி தூரம் நடக்கலாமா என்றுகூடப் பேச்சு வந்தது. கடைசியில் நாகம்மாவே தீர்ப்புச் சொன்னார். "முதலிடம்னுதான கேட்டோம். குடுக்காததுக்குப் போயி நன்றி சொன்னா, இவளுக ஏன் வந்தாளுகன்னு சாமியே கேக்கும். சும்மா இருங்க."

அந்தத் தைப்பூசத்துக்கு எங்கள் பெண்கள் வீட்டிலிருந்தே கும்பிட்டார்கள்.

அரையிறுதி மறுபடியும் ஒட்டன்சத்திரம் அணியோடு. மைதானத்தைச் சுற்றிக் கயிறு கட்டியிருந்தார்கள். கயிற்றுக்குப் பின்னால் இடமில்லாமல் ஆட்கள். முதல் பாதியில் ஒரு கோல் வாங்கினோம். நான் கண்ணை மூடிக்கொண்டேன். திறந்தபோது யாரும் படிக்கட்டைப் பார்க்கவில்லை, கோச்சையும் பார்க்கவில்லை. தாரணி வலைக்குள்ளிருந்து பந்தை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நடு வட்டத்துக்கு ஓடினாள். மற்றவர்கள் ஏற்கெனவே அவரவர் இடத்தில் நின்றார்கள். கோல் வாங்கிய நேரத்தில் பெருமைப்பட்டது அதுதான் முதல் தடவை.

இரண்டாம் பாதியில் எங்கள் கோல் முன்னால் ஒரு கார்னர். தாரணி எகிறினாள், அவர்கள் பெண் ஒருத்தியும் எகிறினாள். இரண்டு தலைகளும் மோதிய சத்தம் படிக்கட்டு வரை கேட்டது. இப்போதும் வீட்டில் தேங்காய் உடைத்தால் நான் எழுந்து வெளியே போய்விடுகிறேன். அந்தப் பெண் உடனே எழுந்துவிட்டாள். தாரணி கொஞ்ச நேரம் கழித்து எழுந்தாள். நல்லாயிருக்கேன் என்று கையைக் காட்டினாள். ஜனங்கள் கைதட்டினார்கள். நான் கயிறு வரை ஓடிவிட்டேன்.

பாண்டிச்செல்வி ரெஃப்ரியிடம் கேட்டுக்கொண்டு உள்ளே போனாள். கோட்டுக்கு அருகில் அழைத்து வந்து, இரண்டு கையாலும் அவள் முகத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள்.

"ஸ்கோர் என்ன?"

"ஒண்ணு-சைபர். நாம லீடு."

"இது எத்தனாவது பாதி?"

"மொதப் பாதி. ஏங்க்கா, நேரம் ஆகுது, விடுங்க."

பாண்டிச்செல்வி கையைத் தூக்கி ஆள் மாற்றம் கேட்டாள்.

"அக்கா, எனக்கு ஒண்ணும் இல்ல. என்னய எடுக்காதீங்க. அக்கா, இது கடைசி வருசம்க்கா."

ஒரு கோல் பின்தங்கி, இருபது நிமிடம் மிச்சம் இருக்கும்போது, கேப்டனை வெளியே எடுக்கிறாள். கயிற்றுக்குப் பின்னாலிருந்து வந்த வசவுகளை எழுத முடியாது. பெற்றோரில் ஒருவர் என் தோளைத் தொட்டார். "மிஸ், நீங்க சொல்லுங்க. பெத்தவங்க நீங்க, பழைய கோச்சும் நீங்க. ஆடட்டும்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அவ கேப்பா."

தாரணியும் என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் இருந்ததை நான் பார்த்திருக்கக் கூடாது. எனக்குள் ஒருத்தி அவளை உள்ளே அனுப்பு என்றாள். இன்னொருத்தி தூக்கிக்கொண்டு ஓடு என்றாள். இருவரையும் விட்டுவிட்டு, "கோச் அவதான்" என்று மட்டும் சொன்னேன்.

உங்களிடம் ஒன்று சொல்கிறேன். நாக்-அவுட்டில் ஓர் அணியைக் கவிழ்ப்பது பெரும்பாலும் இந்த இடம்தான். ஒரே ஆட்டம், நாளை இல்லை என்ற பயத்தில், நல்ல வேளையில் நாம் ஒருபோதும் செய்யாததைச் செய்வோம். அடிபட்டவளை ஆட வைப்போம், புதியவளை நம்ப மாட்டோம். பாண்டிச்செல்வி ஒரு சாதாரண லீக் ஆட்டத்தில் என்ன செய்வாளோ அதையே செய்தாள். அதற்கு வேண்டிய ஆளை மார்கழியிலேயே தயார் செய்து வைத்திருந்தாள்.

சங்கீதா உள்ளே போனாள். நாகம்மா கயிற்றைப் பிடித்துக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார். "எம் மக தாங்க மாட்டா மிஸ். நான் பாக்க மாட்டேன். என்ன நடக்குதுன்னு நீங்க சொல்லுங்க."

நான் சொல்லிக்கொண்டே வந்தேன். எங்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. ஒட்டன்சத்திரம் பெண்கள் பழக்கத்தில் தாரணி வந்து நிற்கும் இடத்துக்குப் போனார்கள். அங்கே தாரணி இல்லை. சங்கீதா எங்கே நிற்பாள் என்று அவர்களில் யாருக்கும் தெரியாது. அவளை அவர்கள் பார்த்ததே இல்லை. அவள் பின்பக்கக் கம்பத்தருகே தனியாக நின்றாள். பந்து அவள் முழங்காலில் பட்டு வலைக்குள் போனது. அழகான கோல் இல்லை. ஆனால் ஒன்றுக்கு ஒன்று.

எதிர் பெஞ்சிலிருந்து அந்த வங்கிக்காரக் கோச் இரண்டு கையையும் விரித்து என்னைப் பார்த்தார். "இந்தப் புள்ளையப் படிக்கலீங்களே மிஸ்" என்று கத்தினார்.

"யாரு போட்டா?" என்று, வெளியே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தாரணி கேட்டாள். சங்கீதா என்றேன். சிரித்தாள். சற்று நேரத்தில் மறுபடி, "யாரு போட்டா?" என்றாள். நான் ஆட்டத்தை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பிக்கொண்டேன். சமனில் ஆட்டம் முடிந்து, பெனால்டிக்காகப் பெண்கள் நடு வட்டத்தில் கூடிக்கொண்டிருந்தபோது அவள் குனிந்து வாந்தி எடுத்தாள்.

மூன்று ஆண்டுகளாகக் காத்திருந்த நிமிடம் அது. நான் அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஓர் ஆட்டோவில் மகளை ஏற்றினேன். போகும்போது ஒன்றை மட்டும் பார்த்தேன். "யாரு அடிக்கிறீங்க?" என்று பாண்டிச்செல்வி கேட்டதும் ஐந்து கைக்கு மேல் உயர்ந்தன. போன ஆண்டு நான் கேட்டிருந்தால் எல்லோரும் தாரணியைத்தான் பார்த்திருப்பார்கள்.

ஆட்டோ பஸ் ஸ்டாண்டு அருகே நெரிசலில் நின்றபோது போன் வந்தது. நாகம்மா. பின்னால் ஒரே சத்தம். "மிஸ், ஷகிலா புடிச்சிருச்சு. கடைசிப் பந்த புடிச்சிருச்சு மிஸ். பாப்பாவுக்கு எப்படி இருக்கு?" என்று ஒரே மூச்சில் கேட்டார். இரண்டில் எதற்குப் பதில் சொல்வது என்று தெரியாமல் அழுதேன்.

இறுதியாட்டத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடுத்த வாரம் தாரணி இல்லாமல் ஆடினோம். ஒரு கோலில் தோற்றோம். கடைசி நிமிடம் வரை பந்து எதிரணியின் பக்கம்தான் இருந்தது. தோற்ற பெண்கள் ஒருவரும் வழி தவறியவர்கள் மாதிரி நிற்கவில்லை. எனக்கு அந்த ஆட்டத்தில் குறை ஒன்றும் இல்லை. பஸ்ஸில் இப்போது யாரும் பின் சீட்டிலிருந்து குரல் கொடுப்பதில்லை.

அன்று மாலைக்குத் திரும்புகிறேன். ஸ்கேன் எடுத்தார்கள். ரத்தக் கசிவு இல்லை, மூளை அதிர்ந்திருக்கிறது, நாளை காலை வரை வைத்துப் பார்க்கலாம் என்றார் டாக்டர். இன்னும் சில மணி நேரம் கேட்டதையே கேட்பாள், பயப்படாமல் பதில் சொல்லுங்கள், எரிச்சல் மட்டும் காட்டாதீர்கள் என்றார். மறுபடி உள்ளே போய் ஆடியிருந்தால், இன்னோர் அடி விழுந்திருந்தால் என்று நான் கேட்க ஆரம்பித்தேன். அவர் ஸ்கேன் படத்தை உறைக்குள் போட்டுவிட்டு அடுத்த படுக்கைக்குப் போனார். அந்தக் கேள்விதான் இன்னும் என்னைத் தூக்கத்தில் எழுப்புகிறது.

ஜன்னலில் வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. தாரணி கண்ணைத் திறந்தாள்.

"அம்மா, யாரு ஜெயிச்சா?"

"நாமதான். பெனால்டில."

"நான் அடிச்சேனா?"

"இல்ல. தலைல அடிபட்டு வெளிய வந்துட்ட. ஒனக்குப் பதிலா சங்கீதா போனா. அவதான் கோல் போட்டா. ஷகிலா கடைசிப் பந்தப் புடிச்சா."

அவள் நெற்றி சுருங்கியது. கடைசி ஆண்டு, அவள் கேப்டன், அவள் உயிரைக் கொடுத்து ஆடிய ஆட்டம். நான் சொல்லியிருக்கக் கூடாதோ என்று பயந்தேன்.

"நான் இல்லாமயேவா?"

"ஆமாடா."

கொஞ்ச நேரம் யோசித்தாள். முகம் மெல்ல மலர்ந்தது. "அப்ப நம்மது நெசமாவே நல்ல டீமுதாம்மா" என்றாள். கண்ணை மூடிக்கொண்டாள்.

சற்று நேரத்தில் திறந்தாள். "அம்மா, யாரு ஜெயிச்சா?"

எல்லாவற்றையும் மறுபடி சொன்னேன். நான் இல்லாமலா என்று மறுபடி கேட்டாள். ஆமாம் என்றேன். அதே யோசனை, அதே சிரிப்பு, அதே வார்த்தை. மூன்றாம் முறையும் அப்படியே. நான்காம் முறை அவள் யோசிக்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். ஒரு தடவையாவது முகம் வாடுமோ, ஒரு தடவையாவது நான் ஆடியிருந்தால் என்று வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. நினைத்துச் சொல்லும் பதிலில் மனிதர்கள் எதையாவது ஒளித்துக்கொள்ளலாம். மறந்து மறந்து, ஒவ்வொரு தடவையும் முதல் தடவையாகச் சொல்லும் பதிலில் எதை ஒளிக்க முடியும்? பாண்டிச்செல்வி பையோடு வந்து கதவருகே நின்று இதைக் கேட்டாள். உள்ளே வராமல் சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

விளக்குப் போட்டார்கள். தாரணி திரும்பிப் படுத்து என் கையைத் தேடிப் பிடித்தாள்.

"அம்மா, யாரு ஜெயிச்சா?"

அதற்குள் எனக்குப் பதில் மனப்பாடம் ஆகியிருந்தது. ஆனாலும் புதிதாகக் கேட்கிறவளுக்குப் புதிதாகத்தானே சொல்ல வேண்டும். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ஆட்டத்தை முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.